செவுரு மிஸ்

முப்பத்தொரு பிள்ளைகள், ஒரே பத்தி, ஒரே முகம். வராந்தாவின் கோடியில் ஒரு சின்ன மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, மழையில் நனைந்த பூனை கடைக்காரரின் குடைக்குள் புகுந்துகொண்ட விவரத்தை இருபத்திரண்டாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் அவர். எதிரே இருக்கும் பையன் குடையைக் குதிரை என்று படிக்கிறான். பூனை குதிரைக்குள் புகுகிறது. படித்தவனுக்கே சிரிப்பு தாங்கவில்லை. அவர் முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட வழுக்கி விழும். பென்சில் மட்டும் ஒரு கோடு போடுகிறது.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘செவுரு மிஸ்’. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. “செவுருன்னா நல்லதுதானே? சாஞ்சுக்கலாம்” என்பார்.

பள்ளி பள்ளியாகப் போய் சின்ன வகுப்புகளின் வாசிப்பை அளப்பது அவர் வேலை. எழுத்து மட்டும் தெரிந்தால் ஒன்றாம் நிலை. சொல் படித்தால் இரண்டு, வாக்கியம் மூன்று, பத்தி நான்கு, முழுக் கதை ஐந்து. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரே பிள்ளைக்கு இந்த ஆசிரியர் இரண்டு போடுவார், அடுத்த ஆசிரியர் நான்கு போடுவார். “அளக்கிற டேப் ஆளுக்கு ஒரு நீளம் இருந்தா, தைக்கிற சட்டை யாருக்குத்தான் பொருந்தும்?” என்று கேட்பார். அதனால்தான் இந்த முகம். புருவம் உயர்ந்தால் பிள்ளை சொல்லை மாற்றிக்கொள்ளும். தலையாட்டினால் தெரியாத சொல்லையும் தைரியமாக அடித்துவிடும்.

இயல்பில் அவர் முகம் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் போனில் சொல்லும் கல்யாணச் சண்டைக்கு இவர் இங்கே உதட்டைப் பிதுக்குவார். டிவி தொடரில் கதாநாயகி அழத் தொடங்குமுன் இவர் மூக்கை உறிஞ்சியிருப்பார். எனவே தினமும் காலையில் பயிற்சி. வாத்தியார், போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் கணவர். கண்ணாடி முன் மனைவியை நிறுத்தி, பேப்பரில் வந்த கூத்துகளைப் படித்துக் காட்டுவார். சிரித்துவிட்டால் அன்று டீ இவர் போட வேண்டும், சிரிக்காவிட்டால் கணவர்.

“ஊரையே சிரிங்க சிரிங்கன்னு கெஞ்சுறவன் நான். எனக்குன்னு வாய்ச்சவ, சிரிக்காம இருக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறா” என்பது அவருடைய நிரந்தரப் புகார். டீ பெரும்பாலும் அவர்தான் போடுகிறார்.

இருபத்துமூன்றாவதாக வந்தது, முன்பல் இரண்டு விழுந்த சிறுமி. வகுப்பின் வாயாடி. இவளுக்காகத்தான் செவுரு மிஸ்ஸை முக்கியமாக அனுப்பியிருந்தார்கள். ஒரே பருவத்தில் மூன்று பேர் கேட்டு, ஐந்து, நான்கு, மூன்று என்று ஆளுக்கொரு நிலை போட்டிருந்தார்கள். இன்றைய எண்தான் கடைசி. நான்கு என்று போனால் மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுவாள். அங்கே எழுத்துக் கூட்டச் சொல்லித்தர யாருக்கும் நேரம் கிடையாது.

சிறுமி தாளைப் பார்த்தாள். பிறகு செவுரு மிஸ்ஸின் வாயைப் பார்த்தாள். மறுபடி தாள். மறுபடி வாய்.

“மிஸ், உங்களுக்குப் பல் வலியா?”

“இல்லம்மா. நீ படி.”

“நீங்க ஆரம்பிங்க, நான் கூடவே வந்துடுறேன்.”

பென்சில் நின்றது. செவுரு மிஸ் தாளை எடுத்துவிட்டு எழுத்து அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தார். சிறுமி ஒன்றுவிடாமல் சொன்னாள். இந்த எழுத்து மாமா பேரில் வரும், அது தம்பி பேரில் வரும் என்று உறவுமுறையும் சேர்த்தே சொன்னாள். இரண்டு எழுத்தைச் சேர்த்து வைத்தபோது மாமாவும் இல்லை, தம்பியும் இல்லை. மறுபடி வாயைத்தான் பார்த்தாள்.

‘ஒன்று’ என்று எழுதியதைப் பார்த்த வகுப்பாசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுதான் ஆகிறது.

“என்ன மேடம், ஒண்ணா? எங்கிட்ட தண்ணி மாதிரி படிக்குது! அவங்கம்மாகிட்ட அஞ்சுன்னு சொல்லிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னையத்தான் பிடிச்சுக்குவாங்க.”

“ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டா நான் பேசிக்கிறேன். இப்ப நீங்களே கேளுங்க டீச்சர். ஆனா அவளுக்குப் பின்னால நின்னு கேளுங்க.”

ஆசிரியை பின்னால் போய் நின்றார். தாள் மறுபடி மேசைக்கு வந்தது. சிறுமி “ஒரு” என்றாள். அது எல்லாக் கதைக்கும் உள்ளது. பிறகு திரும்பி ஆசிரியையைப் பார்த்தாள்.

“முன்னாடி பாரும்மா.”

முன்னால் பார்த்தாள். அடுத்த சொல் வரவில்லை. ஆசிரியை கண் இமைக்காமல் தாளையே பார்த்துக்கொண்டு, பிள்ளை சொல்லிவிட வேண்டுமே என்ற தவிப்பில், பூ, னை, ம, ழை என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். செவுரு மிஸ் அவரைப் பார்த்துத் தன் உதட்டில் விரலால் தட்டிக் காட்டினார். ஆசிரியையின் கை தானாக வாய்க்குப் போயிற்று. விரலுக்கடியில் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

“ஐயோ... அப்ப இத்தனை நாளா நானா படிச்சேன்?”

“நல்லாத்தான் படிச்சிருக்கீங்க. அஞ்சாம் நிலை.”

ஆசிரியைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “எனக்கு அஞ்சு, பக்கத்து செக்‌ஷன் டீச்சருக்கு மூணா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவங்க முணுமுணுக்கிற ஆளு, உதடு பாதிதான் அசையும்.” பிறகு ஒன்றுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

“நான் பாஸா மிஸ்?” என்றாள் சிறுமி.

“இதுல பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. எந்தப் படியில நிக்கிறேன்னு பாக்குறோம். நீ முதல் படி.”

“அடுத்த படிக்கு எப்ப?”

“உங்க டீச்சரைக் கேளு.”

“திங்கக்கிழமையே ஏறுவோம் வா” என்றார் ஆசிரியை.

இன்னும் எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். பூனை எட்டு தடவை நனைந்தது. எல்லாம் முடிந்ததும் செவுரு மிஸ் பையை மாட்டிக்கொண்டு, போகிற வழியில் நூலக அறைக்குள் நுழைந்தார். அங்கே எழுத்துக் கூட்டும் குழுவுக்காக ஏழு குட்டி நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. மூலையிலிருந்து இன்னொன்றைத் தூக்கிவந்து, மற்றவற்றை நகர்த்தி, நடுவே சொருகினார். திங்கட்கிழமை காலை முதல் பாடவேளையில் அந்தக் குழு கூடுகிறது.