ஏழாவது வரி

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளுக்குக் "கட்டம்" என்றே பட்டப்பெயர். எதைக் கொடுத்தாலும் கட்டம் போட்டு வகை பிரித்துவிடுவாள். பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு. புது மென்பொருள் வேண்டுமென்றால், அதை எந்த முறையில் உருவாக்குவது என்று ஒப்பிட்டு அறிக்கை எழுத வேண்டும். எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டுச் செய்யத் தொடங்குவது ஒரு முறை. துண்டு துண்டாகச் செய்து காட்டித் திருத்துவது இன்னொன்று. இப்படி இன்னும் நாலைந்து.

அவள் ஒப்பிட்ட லட்சணத்தில் இரண்டு மென்பொருள்கள் வந்து படுத்துவிட்டன. இரண்டாவது, ஒரே பெயருள்ள இரண்டு நோயாளிகளை ஒரே ஆளாக்கி வைத்தது. அந்தக் குளறுபடியைக் கையால் திருத்தித் திருத்தியே பதிவுக் கவுண்டர் அக்கா நொந்து போனாள்.

"எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்போமேம்மா."

"இந்தத் தடவ கேப்பாங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

வாக்குக் கொடுத்தாயிற்று. அதனால் மூன்றாவது மென்பொருளுக்கான ஒப்பீட்டு அட்டவணையில் ஏழாவது வரியாக ஒரு கேள்வியைச் சேர்த்தாள்: கவுண்டரில் இருப்பவரை எப்போது கேட்பார்கள்? துண்டு துண்டாகச் செய்யும் முறையில், முதல் வாரமே. மேலாளர் எப்போதோ மனதுக்குள் முடிவு கட்டி வைத்திருந்த முறையிலோ, எல்லாம் முடிந்தபின், பயிற்சி வகுப்பில்.

மேலாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இந்த வரியத் தூக்கிடும்மா. இது இருந்தா நம்ம முறை ரெண்டாவதா போயிடுது."

"அப்ப அது ரெண்டாவதுதானே சார்?"

"ஒப்பீடுன்னா முடிவுக்கு ஒத்து வரணும். இத்தன வருஷமாச்சு, இதுகூடவா சொல்லித் தரணும்?"

சிரிப்பு வேறு. 'நம்ம' முறையாம்! நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முடிவை முதலில் எழுதுவார்களாம்; அதற்குக் காரணம் தேடித் தர இவள் ஒருத்தி. த்தூ, இதற்கு ஒரு படிப்பு!

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. வரியை அழித்தாள். மீதி ஆறு வரியின் கூட்டு மதிப்பெண்ணில் மேலாளரின் முறையே முதலிடத்தில் பளிச்சென்று நின்றது. கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அவரை நினைத்து வந்த அருவருப்பு அப்படியே தன் பக்கம் திரும்பியது.

மறுநாள் மாடிப்படியில் அக்கா மூச்சிரைக்க வந்தாள். "புது சிஸ்டம் முடிவாயிடுச்சாமே! எங்கள வந்து கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்கக்கா."

கட்டத்துக்குள் எத்தனையோ பொய்களை நிரப்பியிருக்கிறாள். ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"நீ இருக்கறப்ப எங்களுக்கென்னம்மா கவல," என்றாள் அக்கா.