மகளுக்கும் எனக்கும் நடுவே ஜெர்மன்

மருந்துக்கடையில் நிற்பவனுக்கு மொழி ஒரு பெரிய விஷயமே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆஸ்டின் டவுனில் நான் வேலை பார்க்கும் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள். மீதிப் பேருக்குக் கன்னடம், உருது, தெலுங்கு, மலையாளம் என்று ஆளுக்கொன்று. வயிற்று வலியா, பல் வலியா என்று அவரவர் மொழியிலேயே கேட்டுப் பழகியவன் நான். யாராவது வார்த்தை கிடைக்காமல் திணறினால், முகத்தைப் பார்த்தே அவர்கள் மொழிக்குத் தாவி அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவேன். இதற்கெல்லாம் நான் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. அதனால் ஜெர்மன் ஆரம்பப் பரீட்சையில் தேற வேண்டும் என்ற நிலை வந்தபோது, இன்னும் ஒரு மொழி, அவ்வளவுதானே என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். கொழுப்பு, வேறென்ன.

என் மனைவி நர்ஸ். ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து முதலில் தனியாகத்தான் போனாள். அப்போது எங்கள் மகள் என்னோடு இருந்தாள். நர்சரியில் யார் கிள்ளினார்கள், யார் டிபன் டப்பாவில் என்ன இருந்தது, மிஸ் யாரைத் திட்டினார் என்று சாயங்காலமானால் என் மடியில் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவாள். பிறகு மனைவி லீவில் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனாள். விசா வாங்கக் குழந்தைக்கு மொழிப் பரீட்சை தேவையில்லை, கணவனுக்குத் தேவை என்றார்கள். நான் தேறினால்தான் மூவரும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ ஏறி மல்லேஸ்வரத்துக்கு வகுப்புக்குப் போனேன். என்னைத் தவிர எல்லோரும் சின்ன வயதுக்காரர்கள். சொல்லிக்கொடுத்தவர் ஒரு கன்னடக்காரப் பெண். தமிழும் நன்றாகவே பேசுவார். அந்த மொழியில் மேசை ஆண், விளக்கு பெண் என்று தொடங்கியபோதே எனக்குத் தலை சுற்றிவிட்டது. மேசைக்கு மீசை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது, மேடம் மட்டும் சிரிக்கவில்லை. சிறுமி என்ற சொல்லுக்கு ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, 'அது' என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். அது ஒன்றுதான் எனக்குச் சுலபமாக வந்தது. 'அது தூங்குது', 'அது சாப்பிட்டுச்சு' என்றுதானே நானும் என் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

மற்றது எதுவும் ஒட்டவில்லை. ஃபிரிட்ஜ், அலமாரி, கதவு என்று வீடு முழுக்கச் சீட்டு எழுதி ஒட்டினேன். மகளின் குட்டி நாற்காலியில்கூட ஒன்று ஒட்டினேன். பார்த்துப் படிக்கும்போது எல்லாம் தெரியும்; வகுப்பில் எழுந்து நின்றால் ஒன்றும் தெரியாது. சில வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வரும் என்று மேடம் சொன்னதும், அட, நம்ம தமிழ் மாதிரியே இருக்கிறதே என்று குஷியாகி எல்லா வாக்கியத்திலும் அதைக் கடைசியில் கொண்டுபோய்த் தள்ளினேன். "சார், நீங்க கெஸ் பண்ணிப் பேசறீங்க. கடையில பேசற மாதிரி இது ஆகாது. ஸ்வல்ப நிதானமா, ரூல் பார்த்துப் பேசுங்க" என்றார் மேடம். ரூல் பார்த்தால் எனக்குப் பேச்சே வரவில்லை.

இதற்கிடையே மனைவி போனில் சொன்னாள்: "சீக்கிரம் பாஸ் பண்ணிடுங்க. ஸ்கூல்ல முழுக்க ஜெர்மன்தான், நானும் பாதி நாள் டியூட்டிக்குப் போயிடறேன். இவளுக்குத் தமிழ் போயிட்டே இருக்குங்க." நான் சரி சரி என்றேன்.

பரீட்சையில் எழுத்தும் கேட்டலும் ஒப்பேற்றிவிட்டேன். பேச்சுத் தேர்வில் எங்களைக் குழுவாக உட்கார வைத்தார்கள். சீட்டை எடுத்து, அதில் உள்ள வார்த்தையை வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். என் பக்கத்தில் ஹாசனிலிருந்து வந்த பெண், புதுக் கல்யாணம், புருஷன் ஜெர்மனியில். ரொட்டி படம் போட்ட சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உறைந்துபோனாள். வார்த்தை கிடைக்காமல் கடையில் திணறுபவர்களிடம் நான் தினமும் பார்க்கும் முகம்தான் அது. என்னை அறியாமல் அவள் பக்கம் சாய்ந்து, "ஹேளம்மா, பயப்படபேடா, ரொட்டி தின்தீரா அந்த கேளு" என்று, பயப்படாமல் 'ரொட்டி சாப்பிடுவீங்களா'ன்னு கேட்கச் சொல்லிக் கன்னடத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

தேர்வாளர் பேனாவை நிறுத்தி, ஜெர்மனில் மட்டும் பேசும்படி சொன்னார். நான் பதறிப்போய் அவரிடமும் கன்னடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். அதோடு எல்லாம் போயிற்று. என் முறை வந்தபோது வாய்க்கு வந்தது கன்னடம், அடுத்து உருது, அப்புறம் வெறும் காற்று. அந்தப் பெண் எப்படியோ சமாளித்துத் தேறிவிட்டாள். நான் தேறவில்லை.

தோற்ற செய்தியை மனைவியிடம் சொன்னேன். "பரவால்லீங்க, மறுபடியும் எழுதலாம்" என்றாள். அவள் குரலில் அசதி தெரிந்தது. நானும் சீட்டுகளைக் கிழிக்காமல் மறுபடி படிக்க உட்கார்ந்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், கடையிலிருந்து சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தபோது வீடியோ கால் வந்தது. மனைவி நைட் டியூட்டி முடிந்து, பக்கத்து வீட்டில் விட்டிருந்த மகளை அழைத்துக்கொண்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மகளே என் போட்டோவைத் தட்டிக் கூப்பிட்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்ன கண்ணு ஆச்சு? அப்பாகிட்ட சொல்லு."

"அப்பா, அது... அது வந்து..." என்று தொடங்கினாள். தேடினாள். அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பிறகு மடை திறந்த மாதிரி ஜெர்மனில் கொட்டினாள். 'என்னுடைய' என்ற சொல் புரிந்தது. 'இல்லை' புரிந்தது. 'சிவப்பு' என்று ஏதோ வந்த மாதிரி இருந்தது. யாரோ எதையோ எடுத்துவிட்டார்களா, அடித்துவிட்டார்களா, விழுந்துவிட்டாளா, ஒன்றும் புரியவில்லை. மெதுவாகச் சொல்லம்மா என்றேன். அவள் நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாகத் திரும்பச் சொன்னாள். அதுவும் புரியவில்லை. எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஏதாவது கேட்கலாம் என்று பார்த்தால், ஊர் எது, பெயர் என்ன, ரொட்டி பிடிக்குமா என்பதுதான் நாக்கில் வந்தது.

அவள் அழுகையை அடக்கிக்கொண்டு, சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நல்ல தமிழில், தெளிவாகச் சொன்னாள்:

"விடுங்கப்பா. அம்மா எழுந்ததும் அம்மாகிட்ட சொல்லிக்கிறேன்."