பதில் சொல்லாத பிட்யூட்டரி

போன வாரம் இந்தப் பத்தி ஏன் வரவில்லை என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்தேன். நோயாளியாக அல்ல... நோயாளியின் வீட்டுக்காரராக.

என் மனைவி ராதாவுக்கு மூட்டுவாதம். பல வருஷங்களாகக் காலை டிபன் ஆனதும் ஒரு குட்டி ஸ்டீராய்டு மாத்திரை. அதன் புண்ணியத்தில்தான் மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அவளுடைய வீணை கிளாஸ் நடக்கிறது.

திடீரென்று ஜுரம். ஜுரம் என்றால் அவள் பிறந்த வீட்டுச் சட்டப்படி லங்கணம். அதாவது பட்டினி. வெந்நீர் மட்டும்.

"மாத்திரை போட்டுண்டியா?" என்று மறுநாள் கேட்டேன்.

"சாப்பாட்டுக்கு அப்புறம்னுதானே சொல்லியிருக்கா? சாப்பிடாம எப்படின்னா போட்டுக்கறது?"

என்ன ஒரு லாஜிக்! வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள். நானும் தலையாட்டிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலை பாத்ரூம் வாசலில் சுருண்டு கிடந்தாள். கை சில்லிட்டிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், பேச்சில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். லஸ் கார்னரில்தான் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்களே! "பயப்படாத சார், அம்மாவ கெட்டியா புடிச்சிக்கோ. சந்துல பூந்து போய்க்கினே இருக்கலாம்" என்றார் டிரைவர். சொன்னபடியே போனார்.

அடையாறு ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. ஸ்டீராய்டு நின்றுபோன கதையைக் கேட்டதுமே அதையே ஊசியாகப் போட்டு, டிரிப்ஸும் ஏற்றினார். சாயங்காலம் ராதா கண் விழித்து, "காபி கிடைக்குமா?" என்றாள். நர்ஸ் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை... அழுதுவிட்டேன்.

அப்புறம்தான் டாக்டரம்மா எனக்குப் பாடம் எடுத்தார்.

"காய்ச்சல் வந்தா, கிருமியோட சண்டை போடற செல்கள் சைட்டோகைன்னு ஒரு ரசாயனத்தை அனுப்பும் சார். அந்தச் செய்தி மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரிக்குப் போகும். அது ஒரு ஹார்மோனை விட்டு அட்ரினல் சுரப்பியை முடுக்கும். அங்கேருந்து கார்ட்டிசால் கூடுதலா வரும். பிரஷர் விழாம தாங்கறது அதுதான்."

"இவளுக்கு என்ன ஆச்சு?"

"இத்தனை வருஷமா மாத்திரையாவே கிடைச்சதால, அவங்க பிட்யூட்டரி தூங்கிடுச்சு. காய்ச்சல் கூப்பிட்டிருக்கு, பதில் இல்லை. இந்த நேரத்துல டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் கூட்டணும் சார். நீங்க நிறுத்திட்டீங்க!"

பட்டாணி அளவுதானாம் அந்தப் பிட்யூட்டரி. எங்கேயோ நடக்கிற சண்டைக்கு இங்கே ஒருத்தர் காது கொடுத்தால்தான் உடம்பு நிற்கிறது. குடும்பம் மட்டும் என்னவாம்? நான் ஒரு தும்மல் போட்டால் போதும், அடுப்பில் மிளகு ரசம் கொதிக்கும். இதுவரை நான் வாய்விட்டுக் கேட்டதே இல்லை.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். டாக்டர் மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்தாலும், பிட்யூட்டரி விழித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகலாமாம். சிலருக்கு விழிக்காமலேயும் போகுமாம்.

"முழிச்சுக்கவே இல்லேன்னா என்னன்னா பண்றது?" என்றாள் ராதா. குரலில் பயம்.

நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். ஜுரம் இல்லை.

"நான் முழிச்சுண்டிருக்கேனேடி... போறாதா?"