பாலுக்கு வந்த நரி

மகளின் பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள் இறந்தது. பச்சிளம் பிள்ளையை எரிப்பது எங்கள் வழக்கமன்று. வடக்குப்பட்டு ஊரைத் தாண்டி, ஒரு கம்பெனி மதிலுக்கும் வறண்ட ஏரிக்கும் இடையிலுள்ள புதர்க்காட்டில் புதைத்தோம். குழி வெட்டியவர் மண்ணை மிதித்து இறுக்கி, மேலே கருவேல முள்ளைக் குவித்தார். அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பால் தெளிக்க நான் மட்டும் சென்றேன். மருமகனுக்கு ஷிப்ட், மகள் படுக்கையில். பூப்போன்ற துணியே உறுத்திய உடம்பின் மேல் இத்தனை முள்ளா என்று மனம் பதைத்தது. அவ்வளவையும் இழுத்து அப்புறப்படுத்தினேன். கொண்டுபோன செம்புப் பாலைத் தெளிப்பதோடு நில்லாமல், மண் குடிக்கும்வரை ஊற்றினேன். பதிகம் பாடி முடித்து, மனநிறைவோடு திரும்பினேன்.

மறுநாள், பிள்ளை கிடக்கும் இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள் மகள். இடத்தைச் சீராக்கி வைக்க முன்னதாகவே போனேன். மண் கிளறப்பட்டிருந்தது. முழங்கை ஆழத்துக்குப் பள்ளம், ஓரமெல்லாம் நகக்கீறல்.

அங்கே ஆடு மேய்க்கும் அம்மாள் வந்து குனிந்து பார்த்தாள்.

"நரி தான். முள்ள நீயா எடுத்தே பெரியவரே? பால் வேற ஊத்திக்கீறே. ஈர மண்ணு வாசன போதுமே அதுக்கு."

ஏரியில் நீர் இருந்தவரை அது நண்டு தின்றதாம். பிறகு இலந்தைப்பழம், லாரி அடித்துப்போட்ட நாய், கேன்டீனில் கொட்டிய எலும்பு. குப்பையை இப்போது வண்டியில் ஏற்றிப்போகிறார்கள். வயிறு காய்ந்தால் மண்ணைத் தோண்டும் என்றாள்.

பிள்ளை உள்ளே இருக்கிறதா என்று கேட்டேன். அவள் கோலைப் பள்ளத்தில் மெல்ல இறக்கிப் பார்த்தாள்.

"துணி தட்டுது. கொயந்த கீது. ஆனா பாதியில வுட்டுட்டுப் போனது, திரும்ப வராம இருக்காது."

மதிலோரம் உடைந்து கிடந்த கான்கிரீட் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தேன். நரிகள் சூழச் சுடுகாட்டில் ஆடுபவனை ஐம்பது ஆண்டுகளாக வாய் மணக்கப் பாடியவன் நான். அன்றும் அவனையே அழைக்க முயன்றேன். அந்த நரிகள் அங்கே எதைத் தின்றன என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததில்லை என்பதுதான் நெஞ்சில் வந்து நின்றது. பாட்டு எழவில்லை.

கைபேசி ஒலித்தது. மகள். படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து ஒரகடத்தில் இறங்கிவிட்டாளாம். எந்தப் பக்கம் வரவேண்டும் என்றாள். அங்கேயே நில் என்றேன்.

"ஏம்ப்பா?" என்று கேட்டாள்.

பள்ளம் இன்னும் பாதிதான் மூடியிருந்தது.