மஞ்சள் பட்டையும் நீலப் பட்டையும்

அர்ச்சுனனுக்கு அறுபத்தொரு வயதில் வந்த வயிற்றெரிச்சல் ஓர் ஆட்டின் கண்ணிமையில் தொடங்கியது.

முப்பது வருடம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். மரத்தை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டதும் குலை அறுத்தார். தோள் விட்டுப்போனதும் மலேசியாவில் செண்டாயான் பக்கத்துத் தோட்டத்தின் பழைய லயத்து வரிசை வீட்டிலேயே தங்கி ஆடு வளர்த்தார். இப்போது பன்னிரண்டு ஆடுகள், எல்லாம் கறுப்பி என்ற ஒரே பெட்டையின் வம்சம். வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு போன வருடம் இவை போக மூன்றை வாரிக்கொண்டு போனது. புழு மருந்து இப்போதெல்லாம் கேட்பதில்லை. கறுப்பி சினையாக இருந்தாள். அவளும் போனால் மிச்சம் என்ன?

அப்போதுதான் புழுவுக்குத் தடுப்பூசி சோதிக்கிறோம் என்று கால்நடை டாக்டர் ஷாமினி வந்தாள். ஒரு கொட்டிலுக்கு ஒரு நிறக் கழுத்துப்பட்டை, மூன்று வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி. ஒரு நிறத்துக்கு நிஜ மருந்து, இன்னொன்றுக்கு உப்புத் தண்ணீர்.

"எது எதுன்னு எனக்கே தெரியாது அங்கிள். பட்டியல் ஆபீஸ்ல பூட்டி இருக்கு."

அர்ச்சுனனுக்கு மஞ்சள். பக்கத்து வீட்டு நல்லசாமிக்கு நீலம்.

முதல் ஊசி போட்டு இரண்டு வாரத்தில் நல்லசாமியின் ஆடுகளை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். புழு ரத்தத்தைக் குடித்தால் ஆட்டின் உள்ளிமை வெளுக்கும்; இவற்றின் கீழிமையை இழுத்தால் செக்கச்செவேல் என்றிருந்தது. கறுப்பிக்கு வெளிர் ரோஜா.

"என்ன மச்சான், என் ஆட்டு மேல அவ்ளோ ஆசையா?" என்றார் நல்லசாமி.

"ஒண்ணுமில்ல லா. சும்மா பார்த்தேன்."

சும்மா இல்லை. நீலம்தான் நிஜ மருந்து என்று முடிவே கட்டிவிட்டார். எல்லா நல்லதும் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவருக்கு அந்தப் பக்கமே போய்ச் சேரும். அவர் ஆயுசு முழுக்க அப்படித்தான்.

இரண்டாம் ஊசியன்று இரண்டு மந்தைகளும் பழைய ரப்பர் கொட்டகையில் நின்றன. நல்லசாமியிடமும் ஒரு கறுப்புப் பெட்டை உண்டு. அவர் டீ வாங்கப் போன நேரத்தில் அர்ச்சுனன் இரண்டு கறுப்புகளின் பட்டையையும் மாற்றிவிட்டார். ஊசி முடிந்தது. பட்டைகளைத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தபோது, இரண்டு கையிலும் டீ கட்டிய பிளாஸ்டிக் பையோடு நல்லசாமி எதிரில் நின்றார்.

"டேய் அர்ச்சுனா! கேட்டிருந்தா நானே மாத்திக் குடுத்திருப்பேனே டா!"

சத்தம் கேட்டு வந்த ஷாமினி திட்டவில்லை. அதுதான் சுட்டது. "ரெண்டு ஆடும் சோதனைல இல்ல அங்கிள். மூணாவது ஊசி போட முடியாது," என்று தன் ஏட்டில் அந்த இரண்டு ஆடுகளின் எண்களையும் அடித்தாள்.

நான்கு மாதம் கழித்துப் பூட்டிய பட்டியலைத் திறந்தார்கள். மஞ்சள்தான் நிஜ மருந்து.

அர்ச்சுனனின் மற்ற பதினோரு ஆடுகளுக்கும் கண் சிவந்திருந்தது. கறுப்பிக்கு மட்டும் இமை சுண்ணாம்பு மாதிரி. குட்டி செத்தே பிறந்திருந்தது. நல்லசாமியின் கறுப்பாடோ துள்ளிக்கொண்டு நின்றது.

"என் கறுப்பி ஊசிதான் அது உடம்புல ஓடுது," என்றார் அர்ச்சுனன்.

"ஒரு ஊசி ஒண்ணும் செய்யாது அங்கிள். மூணும் போட்டாத்தான் பிடிக்கும்," என்றாள் ஷாமினி. "நல்லசாமி அங்கிள் பனி காய்ஞ்சு பத்து மணிக்குத்தான் ஆட்ட அவுக்குறாரு. நீங்க விடியும்போதே அவுக்குறீங்க. ஈரப் புல்லு நுனியிலதான் புழுக்குஞ்சு ஏறி நிக்கும்."

அதையும் நல்லசாமியிடமிருந்துதான் கற்க வேண்டுமா!

மறுநாள் விடிந்ததும் அர்ச்சுனன் கறுப்பியை அவிழ்க்கவில்லை. வாளியில் காய்ந்த தழையைப் போட்டுவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக் காத்திருந்தார். பத்து மணிக்கு நல்லசாமியின் கொட்டில் கதவு கிரீச்சிட்டது. நல்லசாமியைப் பார்த்து அர்ச்சுனன் செய்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. இன்னும் கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, பிறகு கயிற்றை அவிழ்த்தார்.