கீழ் வீட்டுப் பச்சை

என் இரண்டு வயது மகளுக்குப் பச்சை நிறத்தில் எதைக் கண்டாலும் ஆகாது. கீழ் வீட்டுச் செல்வியின் மகனோ கொடுத்ததையெல்லாம் தின்பான். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஒருநாள் காலையில், போனில் பார்த்து பெஸ்டோ என்ற இத்தாலியப் பச்சைச் சட்னி செய்தேன். முருங்கைக்கீரையை வதக்கி, வறுத்த நிலக்கடலை, சீஸ், நல்லெண்ணெய் சேர்த்து அரைத்தேன். மகள் வாயில் வைத்ததுமே துப்பினாள். மீதியை ஒரு கிண்ணத்தில் போட்டுச் செல்வியின் மகனுக்குக் கொடுத்தேன்.

சாயங்காலம் அங்கே விளையாடிவிட்டு வந்த மகளின் வாயெல்லாம் பச்சை. "அத்தை மம்மு சூப்பர்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று இறங்கிப் போனேன்.

"இம்புட்டு தின்னுருக்காளே, அப்படி என்னத்த அரைச்சுக் குடுத்த செல்வி?"

"நான் எங்கக்கா அரைச்சேன்? நீங்க குடுத்ததுதான். எங்க பய தொடவே மாட்டேன்னுட்டான். இவதான் இட்லிக்குத் தொட்டுக் கிண்ணத்தையே வழிச்சு நக்கிட்டா."

கிண்ணத்தை வெறுமனே தராமல் சர்க்கரை போட்டு நீட்டினாள்.

இப்போது நானே அரைத்துக் கீழே கொடுத்துவிட்டு, படியில் ஒளிந்து நின்று கேட்கிறேன். "அத்தை, இன்னும்" என்கிறாள் மகள். எனக்கு வயிறு எரிகிறது. அவளுக்கு நிறைகிறது.