குத்தியது எது என்று சொல்லு

விஜயபுரம் பக்கத்து ஊர்களில் யார் தலையில் எது குத்தினாலும் முதலில் அம்சவேணிக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். அவள் நர்ஸும் இல்லை, மருந்து கொடுக்கிறவளும் இல்லை. கடலைக்கொல்லையில் களை பிடுங்குகிறவள். அவளுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். குத்தி நிற்பதை யாரையும் பிடுங்க விடமாட்டாள். துணியைச் சுற்றி, அது அசையாமல் பிடித்துக்கொண்டு திருப்பதிவரை கூடவே போவாள். அங்கே டாக்டரிடம், குத்தியது எது என்று வீட்டாரைச் சொல்லவைப்பாள். குடைக்கம்பியோ, ஸ்க்ரூ டிரைவரோ, புருஷன் விட்டெறிந்த கரண்டியோ, உள்ளது உள்ளபடி சொல்லியாக வேண்டும். யாராவது மழுப்பினால் வாயில் வந்தபடி திட்டுவாள்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் அவள் தம்பி கோவர்த்தனன்.

தாய் போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. கல்யாணமாகி வரும்போது அவனையும் கையோடு கூட்டி வந்தாள். புருஷன் கன்னையா மறுபேச்சு பேசவில்லை. தொண்ணூற்றாறில் ஊர் இளவட்டத்தில் பாதி குவைத்துக்குப் பறந்துகொண்டிருந்தது. இவனும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு, போலீஸ் விசாரணைக்குக் காத்திருந்தான். பொங்கல் முடிந்த வாரம், புது டிவிக்கு ஆன்டெனா கட்ட ஒரு மூங்கிலைக் கொண்டுவந்தான். மாட்டுக் கொம்புக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயிண்டை அதற்கு அடித்தான். அம்சவேணிக்கு நினைவிருப்பது அதுவரைதான்.

கண் விழித்தது திருப்பதி ஆஸ்பத்திரியில். இடது நெற்றிப்பொட்டில் தையல் போட்டிருந்தது.

"வேலிமேல விழுந்துட்டக்கா. முள்ளுக்கம்பி குத்திக்கினு இருந்துச்சி, நான்தான் புடுங்கிட்டுத் தூக்கியாந்தேன்" என்று தம்பி தேம்பினான்.

டாக்டரிடமும் அதையேதான் சொல்லியிருந்தான். உள்ளே இரும்பு தங்கியிருந்தால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். எதுவும் தெரியாததால் தைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆன்டெனா இரும்புப் பைப்பில் நின்றது. "மூங்கில் காத்துக்குத் தாங்காதுக்கா" என்றான். பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு என்று பூரித்துப்போனாள், பைத்தியக்காரி.

வைகாசியில் அவன் விமானம் ஏறினான். ஆடியில் இவளுக்கு வலிப்பு வந்தது. ஜுரம் விடவில்லை, வலது கை விரல்கள் மடங்கவில்லை, சொம்பு என்று சொல்ல நினைத்தால் வாய் வேறெதையோ சொன்னது. காத்து கருப்பு என்று தாயத்து கட்டச் சொன்னார்கள். கன்னையா காதில் வாங்காமல் திருப்பதிக்கே தூக்கிப்போனார். ஸ்கேனில் மூளைக்குள் சீழ் கட்டியிருப்பது தெரிந்தது. மண்டையைத் திறந்து வைத்தியம் பார்த்த டாக்டர், அவள் தேறிய பிறகு ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே விரற்கடை நீளத்துக்கு ஒரு மூங்கில் சிம்பு. அதன் ஒரு பக்கம் நீலம்.

மரம் எக்ஸ்ரேயில் தெரியாது என்று அவர் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். மூங்கில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தேடி எடுத்திருப்போம் என்றார். தூக்கி வளர்த்தவனே கழுத்தறுத்துவிட்டான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குவைத்தில் வெள்ளிக்கிழமை லீவு. ஊர் எஸ்டிடி பூத்துக்கு அன்றுதான் அவன் போன் வரும்.

"மூங்கிலாடா?" என்று கேட்டாள்.

"கை நழுவிடிச்சிக்கா. போலீஸ் கேஸாயிட்டா பாஸ்போர்ட் வராதுன்னு பயந்துட்டேன்."

நழுவினதை மன்னித்துவிட்டாள், பயந்ததையும்கூட. வளர்த்தவளுக்கு அது பெரிய காரியமில்லை. இன்னும் ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

"புடுங்கினப்ப முனை ஒடஞ்சிருந்துச்சே. பாத்தியா?"

"அக்கா..."

"பாத்தியாடா?"

"பாத்தேன்."

போனை வைத்துவிட்டு வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை பூத்துக்காரி தாட்சாயணி மூச்சிரைக்கக் கொல்லைக்கே வந்தாள். வலது கை விரல்கள் இன்னும் சரியாக மடங்காததால் அம்சவேணி இடது கையால் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒன் தம்பி லைன்ல காத்துக்கினு இருக்குது, வாக்கா."

அம்சவேணி நிமிரவில்லை. "அக்கா வேலிமேல விழுந்துட்டா, வரமாட்டான்னு சொல்லு" என்றாள்.